ஆறுக்கு ஒன்று

கீழ்த்தளச் சோதனைக்கூடத்தில் அவள், அத்தான் கொடுத்த வெள்ளைத் தூளில் இரண்டு மில்லிகிராம் எடுத்து, மெல்லிய வெள்ளீயத் தகட்டுக் குப்பியில் இட்டு மடித்துக் கருவிக்குள் போட்டாள். கருவி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எரித்து, கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று திரையில் காட்டியது. கார்பன் எழுபது சதவீதம் இருக்க வேண்டும். அறுபத்தைந்துதான் இருந்தது.

இன்னொரு குப்பி போட்டாள். மறுபடி அறுபத்தைந்து.

அக்காவின் கணவர் மாடி ஆய்வகத்தில் எட்டு மாதம் மல்லுக்கட்டிச் செய்த சேர்மம் அது. எதிர்பார்த்த அளவிலிருந்து அரை சதவீதம்கூட விலகக் கூடாது. நாலு மணிக்கு மேலாளர் முடிவுச் சீட்டைப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் வேலையை மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்.

பதினொரு மணிக்கே அத்தான் கதவோரம் வந்து நின்றார்.

"என்ன கொழுந்தியா, முகமே சரியில்லையே. பாஸா, ஃபெயிலா?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணுதானே, ஒரு அஞ்சைச் சேர்த்துப் போட்டா என்னவாம்?"

"எரிஞ்சது எரிஞ்சதுதான், அத்தான்."

"உங்க அக்காவுக்கு மட்டும்தான் ஈவிரக்கம் கிடையாதுன்னு நினைச்சேன். குடும்பமே அப்படித்தான் போல."

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார். மாடிப்படியில் மெதுவாக ஏறும் சத்தம் கேட்டது.

எண்களை எழுதிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. சீட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருடத்தில் அதில் ஒரு எழுத்து எழுதியதில்லை. ஆனாலும் சீட்டை அனுப்ப மனம் வரவில்லை. நைட்ரஜனும் குறைந்திருந்தது. கார்பனை நைட்ரஜனால் வகுத்துப் பார்த்தாள். ஆறு. வந்திருக்க வேண்டிய எண்களை வகுத்தாள். அதுவும் ஆறு.

இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. அப்படியானால் அத்தான் கட்டிய மூலக்கூறு உடையவில்லை. கார்பனும் நைட்ரஜனும் இல்லாத யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹைட்ரஜன் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆக்சிஜனை இந்தக் கருவி அளப்பதில்லை.

அவள் மாடிக்குப் போனாள்.

"அத்தான், கடைசியா எதுல கரைச்சுப் படிகமாக்கினீங்க?"

"ஆல்கஹால்ல."

"புது பாட்டிலா?"

"போன மாசம் தொறந்தது." அது காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "ஆனா காய வச்சேனே. எடை குறையறது நிக்கிற வரைக்கும் வச்சேன்."

"வெறும் காத்துலதானே. படிகத்துக்குள்ள பூந்த தண்ணி அதுக்கெல்லாம் அசையாது. மூலக்கூறுக்கு ஒரு தண்ணி இருக்கு. கணக்குப் போட்டுட்டேன், மூணு எண்ணும் பொருந்துது."

அத்தான் அவளையே பார்த்தார். "நீ இவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல."

அவள் காது சூடானது. "நூத்திப்பத்து டிகிரி, வெற்றிட அடுப்பு, ரெண்டு மணி நேரம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றரை மணிக்கு அத்தான் கொண்டுவந்த உலர்ந்த தூள் எரிந்தது. அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது.

"உங்க அக்காகிட்ட சொல்றேன், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தொறக்காம நீ என் மானத்தைக் காப்பாத்துனதை."

"வேண்டாம் அத்தான். சாப்பிடாததுக்குத் திட்டு எனக்குத்தான் விழும்."

குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: முதல் மாதிரியில் மூலக்கூறுக்கு ஒரு நீர். உலர்த்தியபின் இல்லை.

இரண்டு முறை படித்துவிட்டுச் சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. ஆறிப்போன டப்பாவைத் திறந்து உட்கார்ந்தாள். நல்ல பசி.