பெட்ரோல் குடித்த வால்

அப்பாவு நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்கிற உங்களுக்கு அவர்மேல் கோபம்தான் வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து மைதானத்தில் நடந்த பொருட்காட்சிக்கு அவர்தான் ஜெனரேட்டர் மெக்கானிக். ஆயுத பூஜை அன்று காலையில் ராட்டினம், ஸ்பேனர் பெட்டி, பஜ்ஜிக் கடை ஜல்லிக்கரண்டி என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், கடல் கன்னி ஷோ நடக்கும் கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால், கடல் கன்னியாக நீந்துகிற சுகிர்தாவின் வாலைப் பார்த்தார். பாவம், அந்தப் பொண்ணுக்கு இதுதானே ஆயுதம், இதை விடலாமா என்று தோன்றிவிட்டது. வைத்தார் பாருங்கள், நடு வாலில் உள்ளங்கை அகலத்துக்கு.

வால் என்று அங்கே எல்லாரும் சொல்வார்களே தவிர, அது இரண்டு காலையும் சேர்த்து நுழைத்துக்கொள்ளும் ஒற்றைத் துடுப்பு. முழுக்க சிலிக்கான் ரப்பர், வெளிர் நீலம். குங்குமம் அதில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. தண்ணீர் விட்டுத் துடைத்தார், போகவில்லை. சோப்புப் போட்டார், இன்னும் பரவியது. பயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தார். பெட்ரோலில் முக்கிய துணியால் அழுத்தித் தேய்த்து, அதே துணியைச் சுற்றிவைத்து, ஊறட்டும் என்று நாஷ்டாவுக்குப் போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

பூஜைக்குப் பொரி வாங்கப் போயிருந்த சுகிர்தா மகளோடு திரும்பி வந்தபோது வால் உப்பிக் கிடந்தது. ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டு, தொட்டால் அரைவேக்காட்டு முட்டை மாதிரி கொழகொழவென்று இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கிற பூமிகாதான் முதலில் கத்தினாள்.

"யம்மா, கோட்ட தாண்டி வந்துடுச்சி!"

கோடு என்றால், வாலைப் படுக்கவைக்கிற பெட்ஷீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் வாலின் அளவுக்கு சுகிர்தா வரைந்து வைத்திருந்த கோடு. ஷோ முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கால் நுழைகிற பையில் பவுடர் தூவி, மடங்காமல் அந்தக் கோட்டுக்குள் படுக்கவைப்பாள். நகம் பட்டால் கிழியும் என்று விரல் நகம், கால் நகம் எல்லாம் ஒட்ட வெட்டிக்கொள்வாள். "கட்டின புருஷனக்கூட இப்படி ஒருத்தி கவனிக்க மாட்டாம்மா" என்று மரணக் கிணற்றில் பைக் ஓட்டும் அந்தோணி கிண்டல் செய்வான். செய்யட்டுமே. நாலு வருஷமாகிறது, அதில் ஒரு கீறல் கிடையாது.

அப்பாவு கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "யம்மா, நல்லதுன்னு நெனச்சித்தான்..."

"தெரியும்ண்ணே. நீங்க போங்க."

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் ஆறு மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு மீன் காட்சியகத்து மேனேஜரம்மா அவள் நீந்துவதைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் நிரந்தர வேலை, தங்க அறை. பூமிகாவுக்கு ஒரே பள்ளிக்கூடம். பொருட்காட்சி ஊர் மாற மாற அந்தப் பிள்ளை ஊத்துக்கோட்டையில் முப்பது நாள் படித்தது, பள்ளிப்பட்டில் இருபத்தைந்து நாள், இப்போது இங்கே. நோட்டு அட்டையில் பேரும் வகுப்பும் பேனாவால் எழுதுவாள், பள்ளி என்கிற இடத்தில் மட்டும் பென்சிலால். அழித்து அழித்து அந்த இடம் காகிதம் நைந்து ஓட்டை விழுகிற மாதிரி இருந்தது.

முதலாளி தேசப்பன் வந்தார். ஆயுத பூஜை லீவு, கூட்டம் அள்ளும் நாள்.

"உப்புனா இன்னா? மாட்டிக்கினு எறங்கு. தண்ணிக்குள்ள யாருக்குத் தெரியப்போவுது?"

"இப்ப மாட்டுனா கிழியும் மொதலாளி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

தெரியும். அவளுடைய முதல் வாலில் இப்படித்தான் மண்ணெண்ணெய் கொட்டியது. உப்பினதோடு அவசரத்தில் மாட்டி இழுத்தாள், கணுக்கால் பக்கம் வாழை இலை மாதிரி பரக்கென்று கிழிந்தது. அழுது முடித்து, கிழிந்ததை ஒரு மூலையில் போட்டாள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், குடித்த எண்ணெய் எல்லாம் ஆவியாகிப் பழைய அளவுக்கே சுருங்கிக் கிடந்தது. சும்மா இருந்திருந்தால் பிழைத்திருக்கும்! அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

"கோட்டுக்குள்ள வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்" என்றாள்.

"அந்தோணிய மாட்டச் சொல்லட்டா?"

சுகிர்தா பெட்ஷீட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்னைத் தாண்டித் தொடு பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு பார்வை. தேசப்பன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் அந்தோணி, மீசையோடு, ஜிகினாத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு கடல் கன்னி ஆனான். முழுகவே வராமல் மிதந்துகொண்டே இருந்தான். ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது.

இவள் நகரவில்லை. வெயில் கூடாது, பக்கத்தில் விளக்கு கூடாது, ஹேர் டிரையர் கூடவே கூடாது. கூடாரத் துணியைத் தூக்கிக் கட்டி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, மணிக்கு ஒரு தடவை இரண்டு கையாலும் தாங்கித் திருப்பிப் போட்டாள். ஓரங்கள் மறுநாள் காலையில் கோட்டுக்குள் வந்துவிட்டன. தடிமனான கால்பை மட்டும் வெளியே நின்றது. மத்தியானம் ஒரு விரற்கடை. நாலு மணிக்கு அரை விரற்கடை.

அஞ்சு மணிக்கே மேனேஜரம்மா வந்துவிட்டார்! அஃப்ஸானா என்று பேர், பூர்வீகம் பழவேற்காடு. தேசப்பன் ஓடி வந்தார்.

"ஏம்மா, மேடம் வந்துக்கீறாங்க, மாட்டும்மா. இன்னும் அரை விரல்தானே? பேஜாரு பண்ணாத, கால்ல வுழட்டுமா?"

பூமிகா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை விரல். மாட்டினால் ஒருவேளை தாங்கும். ஒருவேளைதான். சுகிர்தா எழுந்து நேரே மேனேஜரம்மாவிடம் போனாள்.

"மேடம், வாலு பெட்ரோல் குடிச்சிக் கீது. முழுசா ஆறல. நீங்க ஏழு மணிக்கு வாங்க."

தேசப்பன் தலையில் கை வைத்தார். அஃப்ஸானாவின் முகம் சுருங்கியது. "நான் திரும்பிப் போகணும்மா. எங்க, அதக் காட்டுங்க."

கூடாரத்துக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார், பவுடர் டப்பாவைப் பார்த்தார், நடுவில் இன்னும் லேசாகத் தெரிந்த குங்குமச் சிவப்பைப் பார்த்தார். நடந்ததை சுகிர்தா மறைக்காமல் சொன்னாள். கேட்டுவிட்டு, "வாங்கி எத்தன மாசம்?" என்றார்.

"நாலு வருஷம் மேடம்."

"நாலு வருஷமா? எங்ககிட்ட மூணு கீதும்மா. ஒரு வருஷம்கூட ஆவல, மூணுமே கணுக்கால்ல கிழிஞ்சிபோச்சி."

"எப்படி வெச்சிருந்தாங்க?"

"செவுத்துல, ஆணியில மாட்டி..."

"ஆணியிலயா!" சுகிர்தா கத்தியே விட்டாள். "இன்னா மேடம் நீங்க, அது தன் கனத்துலயே கிழியுமே! யாரு அங்க பாத்துக்கறது? ஒருத்தருக்கும் அக்கறையே இல்லியா?"

வேலை கொடுக்க வந்தவரைப் போய்த் திட்டிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அஃப்ஸானா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏழு மணிதானே? இருக்கேன். அப்பாவுண்ணேன்னு சொன்னீங்களே, அவர ஒரு டீ வாங்கியாரச் சொல்லுங்க."

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கால்பை கோட்டுக்குள் அடங்கியது. முகர்ந்து பார்த்தாள், பெட்ரோல் வாடை இல்லை. விரலால் அழுத்தினாள், பழைய இறுக்கம். காலில் சோப்புத் தண்ணீர் தடவி, இழுக்காமல் மெல்ல நுழைத்தாள். தொட்டிக்குள் இறங்கி முதல் வீச்சு வீசினாள். வால் தண்ணீரைப் பிடித்துத் தள்ளியது. அந்தத் தெம்பில் நான்கு சுற்று சுற்றினாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

தலை துவட்டக்கூட நேரம் தராமல் அஃப்ஸானா கேட்டார். "திங்கக்கெழம வந்துடறீங்களா? நீந்தறதுக்கு மட்டும் இல்ல, வாலு எல்லாத்துக்கும் நீங்கதான் பொறுப்பு."

சுகிர்தா தலையை ஆட்டினாள். முதல் வேலையாக வாலை அலசி, பெட்ஷீட்டில் கோட்டுக்குள் படுக்கவைத்தாள். அதன் பிறகுதான் மகள் பக்கம் திரும்பினாள். பூமிகா நோட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பள்ளி என்கிற இடத்தைச் சுத்தமாக அழித்து வைத்திருந்தாள்.

"யம்மா, அந்த இஸ்கூலு எத்தினி நாளு?"

சுகிர்தா கோடு வரைந்த அந்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கெழம பேரு கேட்டுகினு இதுல எழுதுடி" என்றாள்.