ஒரு மணி ஐந்து நிமிஷம்

"வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்று அப்பாவைப் பரிசோதித்த டாக்டர் சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிஷம், டிக்கெட் அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். டிராவல் ஏஜென்சியில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவள். தம்பி இருக்கும் ஊருக்கும் இந்த ஊருக்கும் பதினோராயிரத்து அறுநூறு கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் மாற வேண்டும். பறக்கும் நேரம் மட்டும் பதிமூன்றே முக்கால் மணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை என்பது வேறு கதை.

திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்றில் மாறுவதற்கு ஒரு மணி ஐந்து நிமிஷம். மறுநாள் மதியம் இரண்டேகாலுக்கு இங்கே இறங்கிவிடலாம். இன்னொன்றில் நடுவழியில் ஆறு மணி நேரம் தேவுடு காக்க வேண்டும். வந்து சேர ஏழு பத்து. முன்பொரு குடும்பம் இப்படி அவசரமாக மாறப்போய், தவறவிட்டு, இரண்டு நாள் மாட்டிக்கொண்டு அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தது. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து யாருக்கும் போட்டதில்லை. கை தானாக இரண்டாவதை அழுத்தியது.

"அக்கா, ரெண்டேகாலுக்கு ஒண்ணு இருக்கே. ஓடிப் பிடிச்சிடுவேன்" என்றான் தம்பி போனில்.

"ஓடினவங்க எத்தனை பேர் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்டா. விட்டா அடுத்தது மறுநாள்தான். பேசாம இதுல வா."

"நீ சொன்னா சரி" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பான்.

காலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது: 'இருபது நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்கா. அந்த ஃப்ளைட்ல ஆளுங்க ஏறுறத கண்ணாடி வழியா பாத்துட்டு இருக்கேன்.' குறையாக ஒரு வார்த்தை இல்லை. மாற்றிப் போட முடியுமா என்று பார்த்தாள். அதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு அப்பா கண் திறந்தார்.

"சின்னவன் எங்க வந்துட்டு இருக்கான்?"

"கிட்ட வந்துட்டான்பா."

"எவ்ளோ கிட்ட?"

மற்ற விஷயங்களில் அவளுக்குப் பொய் வரும், தூரம் சொல்வதில் வராது. "மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்பா."

"அடிப்பாவி, இதுக்குப் பேரு கிட்டவா?" என்று சிரித்தார். பிறகு பேசவில்லை. நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. அந்த முதல் விமானத்தில் வந்திருந்தால், வழியில் எவ்வளவு நெரிசல் என்றாலும் மூன்றரைக்குக் கட்டிலோரம் நின்றிருப்பான். நான்தான் கெடுத்தேன் என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸ் வந்து பிடித்து உட்கார வைத்தாள்.

வீட்டுக்காரர் போனை எடுத்து நீட்டினார். "ஒரு மெசேஜ் போட்டுடு. எறங்கினதும் பாத்துப்பான்."

"வேணாங்க. நானே ஏர்போர்ட்ல போய் நிக்கிறேன்."

போன் திரையில் தம்பி வரும் விமானத்தின் குட்டிப் படம் கடலுக்கு மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். இந்நேரம் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பான், எட்டரைக்குள் அப்பாவைப் பார்த்துவிடலாம் என்று.