நேரியலில் முடிச்சுத் தடம்

தளவாய்ப் பண்ணையாருக்கு அந்த வருஷம் நூறு வருஷத்துக்கு முந்தின காலத்தின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. பட்டணத்தில் படித்தவர், குளிக்கிற நேரம் தவிரச் சட்டையைக் கழற்றாதவர். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி மாதம் தம் பங்களாவில் ஒரு விருந்து வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் பண்ணையார் முதல் தண்ணீர் சுமக்கிறவள் வரை எல்லாரும் 1831-இல் உடுத்தியதை உடுத்தி நிற்க வேண்டும். தைக்கிற வேலை தென்காசித் தையல்காரனான எனக்கு வந்தது.

முதலில் எனக்கும் அந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது நிஜம். பண்ணையாரின் தாத்தா திருவிதாங்கூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். அவர் துணிப்பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஒரு பழைய அங்கியின் தையலைப் பிரித்து, பொத்தான் இல்லாமல் எப்படி முடிந்தான், அக்குளில் எப்படித் துண்டு வைத்தான் என்று பத்து நாள் பார்த்தேன். தைத்தவன் கெட்டிக்காரன். எனக்குச் சோறுகூட மறந்துபோனது.

பதினோராம் நாள் பங்களாவுக்குப் போய், "பொம்பளையாளுக்கு எத்தனை ரவிக்கை, எசமான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம்லே. இடுப்புல ஒரு முண்டு, தலையில கொடம், அவ்வளவுதான். பெரியவங்க முன்னால மேல துணி போடப்படாது. அதுதான் அந்தக் காலத்து முறை. சரித்திரம்னா சரித்திரமா இருக்கணும்."

தண்ணீர் சுமக்கிற மூன்று பேரில் ஒருத்தி முத்துவடிவு. என் மனைவி.

"அவ எம் பெஞ்சாதி, எசமான்."

"தெரியும். அதுக்கென்ன? அரை மணி நேரம் நிக்கப்போறா. முடியாதுன்னா நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்." வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

வீட்டில் அவளுக்கு விஷயம் ஏற்கனவே தெரிந்திருந்தது. "அடுப்பு எரியலேன்னாலும் நான் போமாட்டேன்" என்றாள். அழவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு சேர்த்து இறுகப் பிடித்திருந்தது. யாரும் இழுக்கவே இல்லை, அதற்குள் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியை அவர் மூஞ்சியில் எறிந்துவிட வேண்டும் என்று துணிகளை வாரி உள்ளே போட்டேன். அப்போதுதான் தாத்தாவின் நேரியல் கையில் வந்தது. தோளில் போடுகிற ஜரிகைத் துணி. தோளில் கிடந்தது என்றால் நடுவில்தான் தேய வேண்டும். இது இரண்டு முனைகளிலும் நைந்திருந்தது. முறுக்கி முடிச்சுப் போட்ட தடம் அப்படியே இருந்தது. அந்த மனுஷர் அதை வருஷக்கணக்காக இடுப்பில் கட்டிக் கட்டி அவிழ்த்திருக்கிறார். எதற்கென்று புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு போனேன். பண்ணையார் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னலே, எனக்கு அங்கி ஆச்சா?"

"அங்கி வேண்டாம், எசமான். அது கீழ உள்ளவங்க முன்னால போடுறது. இதைப் பாருங்க. உங்க தாத்தா மேலதிகாரி முன்னால இதை இடுப்புல கட்டிக்கிட்டு வெறும் மேலோட நின்னிருக்காவ. முடிச்சுத் தடம் இங்கன இருக்கு. நீங்க சொன்ன அதே முறைதான். வரப்போறவர் உங்களுக்குப் பெரியவர்லா?"

 சொந்தக்காரர் ஒருவர் இருமினார்.

"இடுப்பளவு எடுக்கணும்" என்று டேப்பை உதறினேன். "சட்டையைக் கழத்துங்க. இங்கனயே, இவங்க முன்னாலயே."

பண்ணையாரின் கை தானாக எழுந்து கழுத்துப் பொத்தானை இறுகப் பிடித்தது. முத்துவடிவு பிடித்த அதே பிடி.

"கூசுதோ?" என்று கேட்டேன்.