உசிலம்பட்டிக்குப் போன கார்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டிஜிட்டல் பிரஸ்ஸில் காவ்யஸ்ரீயும் செல்வக்குமாரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாண ஆல்பம்தான் அங்கே பெரிய வேலை. டிசைன் முடிந்த பக்கத்தை மெஷின் அப்படியே அச்சடித்துவிடாது. படம், எழுத்து, நிழல் எல்லாவற்றையும் மைப்புள்ளிகளாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ரிப் போடுவது என்பார்கள். முகூர்த்த மாதங்களில் நான்கு கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்க ஓடினாலும் வேலை தேங்கி நிற்கும். எது ஓடுகிறது, எது பாதியில் நின்றுவிட்டது என்று கூடவே இருந்து பார்ப்பது செல்வக்குமாரின் பொறுப்பு.

புரோகிராம் எழுதுகிற காவ்யாவுக்கு ஒரு யோசனை வந்தது. கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடும். பக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி அதனிடம் கொடுத்தால் என்ன?

முதலாளியிடம் சொல்வதற்கு முன் செல்வக்குமாரிடம்தான் சொன்னாள்.

"செய்யி காவ்யா. இதுகளக் கட்டி மேய்க்க என்னால முடியல," என்று சிரித்தான்.

இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். அவள் எழுத எழுத அவன் ஓட்டிப் பார்த்தான். மணப்பெண்ணின் மெல்லிய துப்பட்டா கறுப்புக் கட்டமாக வருவதைக் கண்டுபிடித்தது அவன், சரிசெய்தது அவள். கடைசியில் ஒரு நாள், டீ வாங்கப் போன செல்வக்குமார் திரும்பி வருவதற்குள் ஒரு முழு ஆல்பம் முடிந்திருந்தது. முதலாளி விஜய்ஆனந்த் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் செல்வக்குமாரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

காவ்யா அவர் அறைக்குப் போனாள். "சார், நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது இது."

"அதான் நல்லா வந்திருக்கு. இனிமே அவருக்கு இங்க என்ன வேலை, நீயே சொல்லு. இல்ல, அவருக்குப் பதிலா நீ போறியா?"

காவ்யா வாயைத் திறக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. வெளியே நின்ற செல்வக்குமாருக்கு எல்லாம் கேட்டது.

எழுமலைக்காரனான அவனுக்கு ஊர்ப்பக்கமே, உசிலம்பட்டியில், ஒரு பிரஸ்ஸில் வேலை கிடைத்தது. அதைக் கேட்டபோது காவ்யாவுக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் விஜய்ஆனந்த் அந்தப் புரோகிராமைக் கார்டோடு சேர்த்து மற்ற பிரஸ்களுக்கு விற்கத் தொடங்கியிருந்தார். ஒரு நாள், செல்வக்குமார் இருக்கும் உசிலம்பட்டி பிரஸ்ஸுக்கே போய் மாட்டிவிட்டு வரச் சொன்னார்.

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சார்."

"எழுதினவ நீ. வேற யாரு போவா?"

பஸ்ஸில் போகும்போது செல்வக்குமாரின் எண்ணை எடுத்தாள். மணி அடிக்கும் முன்பே கட் செய்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி துடைத்து வைத்திருந்தான். கார்டை அவள் கையிலிருந்து வாங்கி அவனே மாட்டினான். பக்கத்தில் அந்த அறையின் இன்னொரு ஆள், புதிதாகச் சேர்ந்த தமிழ்ச்செல்வி, பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போனதும் காவ்யா மெல்லக் கேட்டாள்.

"செல்வா, சரியா ஓடலன்னு சொல்லிட்டுப் போயிரவா?"

"அன்னைக்கு உண்மையச் சொல்லவே உனக்கு வாய் வரல. இன்னைக்கு எனக்காகப் பொய் சொல்லப் போறியாக்கும். போட்டுட்டுப் போ."

அந்தப் பிரஸ் முதலாளி பாண்டியராஜன் வந்து நின்று பார்த்தார். பக்கங்கள் மளமளவென்று முடிந்தன.

"அம்புட்டும் முடிஞ்சிருச்சா! அப்ப இந்த ரூமுக்கு ஒரு ஆளு போதும்லம்மா?"

"ஒரு கம்ப்யூட்டர் போதும் சார்."

"ஆளத்தான் கேட்டேன்."

செல்வக்குமார் அவள் முகத்தையே பார்த்தான்.

"அது உங்க விருப்பம் சார்," என்றாள்.

அவன் ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவள் கிளம்பும்வரை திரும்பவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். புரோகிராமில் ஏதோ சந்தேகம்.

"செல்வாகிட்ட கேக்கலாமே," என்றாள் காவ்யா.

"அண்ணன நிப்பாட்டிட்டாங்கக்கா. எனக்குச் சம்பளம் கம்மில்ல, அதனால என்னய வச்சுக்கிட்டாங்க."

"எங்க போனாரு?"

"யாருகிட்டயும் சொல்லலக்கா."

காவ்யா சந்தேகத்தைத் தீர்த்து வைத்தாள். பிறகு செல்வக்குமாரை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். இம்முறை மணியே அடிக்கவில்லை.

விஜய்ஆனந்த் எட்டிப் பார்த்தார். "நாளைக்குத் தேனில ஒரு பிரஸ். கார் சொல்லிரவா?"

"பஸ்லயே போறேன் சார்," என்றாள் அவள்.