முதல் தப்புக்குக் கிளம்பும் யானைகள்

இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருந்தது அந்தத் தோட்டம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் நான் சின்னக் கடை வைத்திருந்தேன். முஸ்லிம் என்பதால் எல்லோரும் என்னை 'நானா' என்பார்கள், அண்ணன் என்ற அர்த்தத்தில். கோடையில் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி வற்றிவிடும். அப்போது ஒரு யானைக் கூட்டம் மேலேறி வந்து எங்கள் ஓடையில் இராத்தங்கும். ஆட்கள் வேலைக்கு இறங்குமுன் காட்டுக்குள் போய்விடும். ஒருவரையும் தொட்டதில்லை. முன்னே நடப்பது காது கிழிந்த கிழட்டுப் பெண் யானை. லயத்தில் அதற்குப் பெயர் 'பெரியவ'.

எழுபத்திரண்டில் தோட்டத்துக்கு மின்சாரச் சங்கு வந்தது. அதுவரை தப்படித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள். தப்பு என்பது நெருப்பில் காய்ச்சிக் குச்சியால் அடிக்கும் தட்டைப் பறை. மாரிசாமி அதை இரண்டு தடவை அடிப்பார். இருட்டோடு மெதுவாக ஒரு தடவை, எழுந்து அடுப்பு மூட்ட. வெளுக்கும்போது வேகமாக இன்னொரு தடவை, பெரட்டுக்களத்தில் கூடிப் பெயர் கொடுக்க. சங்கு ஊதியது பெரட்டுக்கு மட்டும். முதல் தப்புக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. தப்பு மாரிசாமி வீட்டு ஆணியில் தொங்கியது.

அடுத்த கோடையில், பெரட்டு முடிந்து ஓடைப் பாதையில் இறங்கிய அவர் மனைவி இராக்கம்மா பெரியவளுக்கு நேர் எதிரே போய்விட்டாள். யானை பாய்ந்தது. ஓடும்போது விழுந்து அவளுக்குக் கை முறிந்தது. அவள் தலைமாட்டில் வந்து நின்ற யானை, அப்படியே திரும்பிப் போய்விட்டது. தோட்டத்துத் தொரை அதைச் சுட அனுமதி வாங்கினார். வெள்ளிக்கிழமை வெடிக்காரர் வருவதாகப் பேச்சு.

கட்டுப்போட்ட கையோடு இராக்கம்மா கடைக்கு வந்தாள். பின்னால் மாரிசாமி.

"அதச் சுடுறது ஞாயமா நானா? நெனச்சிருந்தா அன்னிக்கே என்னய மிதிச்சிருக்கும்ல?"

"பாத்தீங்களா நானா, அதுக்குப் பரிஞ்சு பேசுறா. ஒரு மாசமா நான்தான் சோறாக்குறேன்."

"அந்தச் சோத்தத் திங்கிறதுக்கு அது மிதிச்சிருக்கலாம்."

எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. "நீங்க கண்ட நேரம் அது என்ன செஞ்சிக்கிட்டு நின்டிச்சு?"

"சும்மாதான் நின்னுச்சு. காத விரிச்சு லயத்தையே பாத்துக்கிட்டு. யாரோ கூப்புடுவாகன்னு நிக்கிற மாதிரி."

மாரிசாமியின் சிரிப்பு நின்றது. "மொத தப்படிக்கையில கீழ கெளை முறியிற சத்தம் கேக்கும் நானா. கோடையில தெனம் கேக்கும். பன்னின்னு நெனச்சேன்."

பூட்டில் சாவி திரும்பியது போல எனக்கு எல்லாம் விளங்கியது. மனிதர் எழும்பும் நேரத்தை எந்த யானைக்குட்டியும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. மெதுவான தப்புச் சத்தம் கேட்டதும் தாய் தண்ணீரை விட்டு ஏறுவாள். குட்டி அவள் வாலுக்குப் பின்னால் ஏறும். நாலைந்து கோடை அப்படி ஏறினால் அது குட்டிக்கும் பழக்கம். நாளைக்கு அதன் குட்டிக்கும். மாரிசாமிக்கு முன் அவர் அப்பா தப்படித்தார். பெரியவளுக்கு முன் அவள் தாய் கேட்டிருப்பாள். எங்கள் பக்கத்தை நாங்கள் மாற்றிவிட்டோம். அவர்கள் பக்கம் அப்படியே இருந்தது.

தொரையிடம் போய் இதைச் சொன்னேன். "பெரியவளைச் சுட்டா ஒரு யானை மட்டும் சாகாதுங்க தொரை. ஓடைக்கு வாற வழி, திரும்பிப் போற நேரம், எல்லாம் அவ தலையிலதான் இருக்கு. மத்ததுகள் வழி தெரியாம லயத்துக்குள்ள வந்திடும்."

"யானைக்கும் பெரட்டா, ஹாஷிம்?" என்று சிரித்தார். ஆனாலும் யோசித்தார். "வெள்ளிக்கிழமை முதல் தப்பை அடிச்சுப் பாக்கச் சொல்லு. போகலேன்னா வெடிதான்."

வெள்ளிக்கிழமை இருட்டோடு மாரிசாமி வைக்கோல் கொளுத்தி, தொய்ந்திருந்த தோலைக் காய்ச்சினார். பாறைக்குப் பின்னால் வெடிக்காரர் துவக்கில் தோட்டா போட்டுக் காத்திருந்தார். ஓடையில் யானைகள் கரிய திட்டுகளாகத் தெரிந்தன. மாரிசாமி அடித்தார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தார். பெரியவ தும்பிக்கையைத் தூக்கினாள். குட்டிகள் அவளோடு ஒட்டிக்கொண்டன. துவக்கு மேலே எழுந்தது.

இராக்கம்மா நல்ல கையால் புருஷன் தோளைப் பிடித்தாள். "என்னாத்துக்கு இந்த ஓட்டம்? பழையபடி அடிங்க. அரைத் தூக்கத்துல அடிப்பீகளே, அந்த மாதிரி."

மாரிசாமி மூச்சை விட்டார். குச்சி மெதுவாக விழுந்தது. ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி.

பெரியவளின் காது மடங்கியது. தண்ணீரில் நின்ற குட்டியை முட்டித் தள்ளிவிட்டு அவள் கரையேறினாள். ஒன்றின் பின் ஒன்றாக எல்லாம் காட்டுக்குள் போயின. கிளைகள் முறிந்தன. "நம்ம பன்னி," என்றார் மாரிசாமி.

வெடிக்காரர் துவக்கை இறக்கிவிட்டு, "டீ கிடைக்குமா?" என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று அடுப்பை மூட்டப் போனேன்.

அதற்குப்பின் கோடைதோறும் முதல் தப்பை அடிக்கத் தொரை அனுமதித்தார். சில வருடங்கள் கழித்துப் பெரியவ வரவில்லை. இன்னொரு பெண் யானை முன்னால் நடந்து வந்தது. முதல் தப்பு கேட்டதும் அது கரையேறியது. அதன் குட்டி தண்ணீரைவிட்டு வர மறுத்தது. தாய் திரும்பி இறங்கி, தும்பிக்கையால் தள்ளி அதைக் கூட்டிப் போனது.

இராக்கம்மா வளைந்துபோன கையைத் தூக்கிக் கும்பிட்டாள். "நல்லா இருங்க. போய்ட்டு வாங்க."

"எனக்கு ஒருநா இப்பிடிச் சொல்லியிருக்கியா?" என்றார் மாரிசாமி, அடியை நிறுத்தாமல்.

"நீங்க ஒரு தடவை சொன்னாக் கெளம்புற ஆளா?"