கடைசிக் கோடு

கூடப் பிறந்த என் ராத்தா தன் மகளுக்குச் சட்டை தைக்க, மாதிரித் தாள்களைக் கடையில் அச்செடுத்து ஒட்டி வைத்திருந்தார். நான்கு வயது முதல் பத்து வயதுவரை, அளவுக் கோடுகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இருந்தன.

அவர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பின் வந்த முதல் பெருநாளுக்கு, ஆறு வயதுக் கோட்டில் கத்தரிக்கோலை வைத்தேன்.

"சாச்சி, வெட்டாதீங்க," என்றாள் அவர் மகள் ஷிம்னா. "உம்மா இதுக்கு மேல வேற மெல்லிசான தாள வெச்சு, கோட்டப் பாத்துக் கீறித்தான் எடுக்கிற. வெட்டினா அடுத்த பெருநாளுக்குக் கோடு இல்லாமப் போயிரும்."

ஒவ்வொரு பெருநாளுக்கும் அப்படியே கீறி எடுத்துத் துணி வெட்டினேன்.

இந்த வருடம் பத்து வயதுக் கோடு.

"இதுக்குப் பொறகு கோடு இல்ல. இனி வெட்டலாம் சாச்சி," என்றாள்.

ராத்தாவின் தாளுக்கு மேலே வேறு தாளை விரித்தேன்.