வாசல் ஃபைல் அமைதியாக இருக்கிறது

பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று மாமியார் மறுபடியும் அலறினார். திரையில் சிவப்பாக வந்து நின்ற வரியை டீச்சர் சொடுக்கி, 'ஆபத்து இல்லை' என்று காரணம் போட்டு மூடினாள். மூடிய இடத்திலேயே அடுத்தது வந்து நின்றது. இரண்டாம் மாடி பிரிண்டர். அதிலும் காகிதம் இல்லை.

"அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில காகிதம் வாங்கிப் போட ஒரு ஆள் இல்லையா? இதைக் கேட்டுக்கிட்டு உட்காரவா நான் காலையில பஸ்ல தொங்கிட்டு வரேன்?"

"என்கிட்ட சொல்லி என்ன பண்ண? மாமியார்கிட்ட கேளுங்க டீச்சர்," என்றான் பக்கத்து நாற்காலி சோடாபுட்டி. அவன் திரையிலும் அதே ஒப்பாரிதான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டே மூடிக்கொண்டிருந்தான்.

மாமியார் என்பது ஒரு நிரல். அதை எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்கு ஓடிப்போன இன்ஜினியர் அதை டீமன் என்பார். யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அதுதான் பெயராம். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் நடப்பதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த ஃபைல்களில் திருட்டுத்தனம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது மாமியாரின் வேலை. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளே தனியாக ஒரு த்ரெட். அறையில் அதைக் காது என்பார்கள். ஒரே மாமியார், உடம்பெல்லாம் காது. எந்தக் காதில் எது விழுந்தாலும் சிவப்பில் புலம்புவார். புலம்பியதை உடனுக்குடன் மூடாவிட்டால், அந்த ஷிப்டில் இருந்தவர் பெயருக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி விழும்.

டீச்சர் என்பது கேலிப் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள்தான். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை வெளியிலிருந்து கண்காணிக்கும் இந்தக் கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தாள். வீட்டில் கணவன், லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு எலும்பு நகர்ந்துபோய், பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தான். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தால் செய்யலாம், நிரந்தரமானவர்களுக்குத்தான் இன்சூரன்ஸ். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்கிவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் பிரிண்டர் காகிதத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

அன்று காலை டீ குடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பல் டாக்டரைக் காணோம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து உள்ளே நுழைபவர்களின் பெயரெல்லாம் விழுவது வாசல் ஃபைலில். அங்கே ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து தினமும் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்துத்தான் உள்ளே வருவார். மாமியாரும் தினமும் அவரைத் திருடன் என்றே புலம்புவார். நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

"மனுஷன் ஒருவழியா பாஸ்வேர்டைக் கத்துக்கிட்டார் போல," என்றான் சோடாபுட்டி. "நமக்கு ஒரு தலைவலி விட்டது."

டீச்சருக்கு அது நம்பும்படியாக இல்லை. வகுப்பில் எந்த பெஞ்ச் திடீரென்று சத்தமில்லாமல் போகிறதோ அந்தப் பக்கம் எழுந்து போய்ப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். வாசல் ஃபைலைத் தானே திறந்து பார்த்தாள். பல் டாக்டர் அங்கே அழகாக இருந்தார், தப்புத் தப்பாக அடித்துக்கொண்டு. மாமியார் மட்டும்தான் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் சின்னதுதான். வாரம் பிறந்தால் கம்ப்யூட்டர் பழைய ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து ஓரங்கட்டிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றைத் திறக்கும். காதுகளும் புதியதற்கு மாறிக்கொள்ள வேண்டும். மற்றவையெல்லாம் மாறிவிட்டன. வாசல் காது மட்டும் பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டு நின்றது, ஆள் காலி செய்துகொண்டு போன வீட்டின் வாசலில் காத்திருப்பதைப் போல.

மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், வாசல் ஃபைலை மாமியார் பார்க்கவே இல்லை. நிறுத்தி ஒரு தடவை திரும்ப ஓட விட்டா சரியாயிடும்."

மேனேஜர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த ஒரு காதை மட்டும் நிறுத்தி ஓட விட முடியுமா?"

"முடியாது சார். மொத்தமாத்தான் நிறுத்தணும். ரெண்டு வாய் தண்ணி குடிக்கிற நேரம்தான்."

"அந்த நேரத்துக்கு எல்லாமே நின்னுடும் இல்ல?" என்றார். "இடைவெளி இல்லாத கண்காணிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வராங்க. ரிப்போர்ட்ல ஒரு ஓட்டை தெரிஞ்சா யார் பதில் சொல்றது?"

"கண்ணே தெரியாம இருக்கலாம், கண்ணை மட்டும் சிமிட்டக்கூடாது. அப்படித்தானே சார்?"

வாய் தவறித்தான் வந்துவிட்டது. மேனேஜர் இப்போது தலையைத் தூக்கினார். கோபப்படவில்லை. அவர் கோபப்படாமல் பேசும்போதுதான் டீச்சர் பயப்படுவாள்.

"அடுத்த மாசம் உங்க ஃபைலை நான்தான் மேல அனுப்பணும். ஞாபகம் இருக்கில்ல? குரூப்ல எழுதிப் போடுங்க, வெள்ளிக்கிழமை தாண்டட்டும், பார்த்துக்கலாம். ஆனா பெரிசா எழுதாதீங்க. ஆஸ்பத்திரி ஆளுங்களும் அந்த குரூப்ல இருக்காங்க. நாசூக்கா எழுதுங்க."

ஷிப்ட் முடியும்போது குரூப்பில் நிலவரம் எழுத வேண்டும் என்பது அறையின் வழக்கம். பிரச்சினை ஒன்றும் இல்லையென்றால் எல்லோரும் 'அமைதி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். டீச்சர் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 'வேலை செய்யவில்லை' என்று அடித்தாள், அழித்தாள். 'பார்க்கவில்லை' என்று அடித்தாள், அதையும் அழித்தாள். கடைசியில், 'வாசல் ஃபைல் அமைதியாக இருக்கிறது. கவனிக்கவும்' என்று நாசூக்காக எழுதிப் போட்டாள். மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் கும்பிடு போட்டார்.

மறுநாள் வாசல் ஃபைலைத் திரையின் ஓரத்தில் சின்னதாகத் திறந்து வைத்துக்கொண்டு தன் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்தாள்.

"மாமியார் வேலையையும் நீங்களே பார்க்கறீங்களா டீச்சர்? சம்பளத்தை யார் வாங்கறது?" என்றான் சோடாபுட்டி.

"நீ வேற எரிச்சலைக் கிளப்பாதே. உன் பக்கத்தை மூடு."

இரண்டு நாள் எப்படியோ சமாளித்தாள். வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் பிரிண்டர்களையெல்லாம் புதிதாக மாற்றினார்கள். அதை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை. புதிய பிரிண்டர் ஒவ்வொன்றையும் அந்நியன் என்று நினைத்து மாமியார் வாய் ஓயாமல் கத்த, திரை மேலிருந்து கீழ்வரை சிவந்துவிட்டது. டீச்சரும் சோடாபுட்டியும் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூடிக்கொண்டே இருந்தார்கள். விரல் நுனி மரத்துப்போயிற்று. ஓரத்தில் இருந்த சின்ன சன்னலில் வரிகள் வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்ததை டீச்சர் பார்க்கவில்லை. எவனோ ஒருவன், பல் டாக்டரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறுமைக்காரன். பிரிண்டர் அலறல் ஓய்வதற்குள் உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அல்ல. நோயாளிகளின் விவரமெல்லாம் களவு போயிருந்தது.

டீச்சரை உள்ளே கூப்பிட்டார்கள். மேசையில் மேனேஜரின் ரிப்போர்ட் இருந்தது. அதன்படி மாமியார் ஒரு நொடிகூட நிற்கவில்லை. வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார், பச்சை விளக்கோடு.

"நிரல்ல குறை இல்லை," என்றார் மேனேஜர். "ஷிப்ட் உங்களுடையது."

"நான் உங்ககிட்ட வந்து சொன்னேனே சார். நிறுத்தி ஓட விடச் சொல்லிக் கேட்டேனே."

"நீங்க என்ன சொன்னீங்கன்னு குரூப்லயே இருக்கே." போனைத் திருப்பி ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்டினார். "வாசல் ஃபைல் அமைதியாக இருக்கிறது. அமைதின்னா இங்க என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? இதை நம்பித்தானே நாங்க எல்லாரும் சும்மா இருந்தோம்."

ஆஸ்பத்திரிக்காரர், அன்றைக்குக் கும்பிடு போட்டவர்தான், தலையை ஆட்டிக்கொண்டார். நாசூக்காக எழுதச் சொன்னது யார் என்று டீச்சர் கேட்க வாயெடுத்தாள். அந்தப் பேச்சு குரூப்பில் இல்லை, அறையில் நடந்தது. அறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

இன்றோடு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சோடாபுட்டி நிமிர்ந்து பார்த்தான், கண்ணாடியைத் துடைத்தான்.

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "மாமியாரை நிறுத்தித் திரும்ப ஓட விடுப்பா," என்று சோடாபுட்டியிடம் சொன்னார்.

அவன் ஒரு வரி அடித்தான். திரை கறுத்தது. யாரோ இருமினார்கள். திரை திரும்ப வந்துவிட்டது.

விழித்துக்கொண்ட வாசல் காது புது ஃபைலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தது. பல் டாக்டரும் அவர் பெயரில் வந்தவனும் கலந்து, வாரம் முழுக்கச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மாமியார் ஒரே மூச்சில் கொட்டினார். வாசல் ஃபைல் அவள் பக்கம் என்பதால் எல்லாம் டீச்சர் பெயரில் வந்து விழுந்தன. திரை நிறைந்து, கீழே இன்னும் பல பக்கம் என்று காட்டியது.

"இதை மூடிட்டுப் போயிடுங்க," என்றார் மேனேஜர். "உங்க பெயர்ல இருக்கிறதை வேற யாரும் மூட முடியாது. முடிச்சிட்டீங்கன்னா அனுபவச் சான்றிதழை இன்னைக்கே தரச் சொல்றேன்."

சான்றிதழ் இல்லாமல் அடுத்த வேலைக்கு எங்கே போய் நிற்பது? டீச்சர் பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"காரணம் என்ன போடறது?"

"மனிதத் தவறு."

முதல் வரியைச் சொடுக்கினாள். மனிதத் தவறு. அடுத்தது. மனிதத் தவறு. பைக்குள் போன் அடித்தது. கணவன்.

"டாக்டர் ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. அடுத்த மாசம் ஆபரேஷனுக்கு இப்பவே பேர் குடுத்து வைக்கலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொன்றை மூடினாள்.

"நான் வேலையில இருக்கேன்," என்றாள். "அப்புறம் பேசறேன்."